எலிக்காய்ச்சல் ஆம்பிளைகளுக்கு மட்டும் வாறதில்லை, தம்பி

வெல்லாவெளியில அம்மா வயலுக்குப் புல்லுப் பிடுங்கப் போய்வந்து மூன்று நாளாக் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு எண்டு எழுதியிருக்கிறீங்க. "எலிக்காய்ச்சல் ஆம்பிளைகளுக்குத்தான் வாறது" எண்டு வீட்டில சொல்லுறதைக் கேட்டு இருந்திராதீங்க. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.

அந்தக் கதை எங்கயிருந்து வந்தது எண்டால், பதிவாகிற நோயாளிகளில ஆம்பிளைகள்தான் கூட. எலி மூத்திரத்தில இருக்கிற கிருமி கலந்த சேத்துத் தண்ணியாலதான் இது வாறது, அதில அவங்கதான் கூட நிக்கிறாங்க. அது மட்டுமில்லை: ஜெர்மனியில 1997 முதல் 2005 வரை வந்த நோயாளிகளைப் பார்த்த ஆய்வில, ஆண்களுக்கு மஞ்சள்காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலா இருந்தது. ஆனா அது சராசரிக் கணக்கு. கால் வெடிப்பால கிருமி உள்ளுக்குப் போனால் அம்மாவுக்கும் ஈரல், சிறுநீரகம் பழுதாகலாம்.

எனக்கு மனவருத்தம் தாற விசயம் வேற. ஆஸ்பத்திரித் துண்டில தொழில் எண்ட இடத்தில "வீட்டுப்பணி" எண்டு எழுதிட்டால், வயல் எண்ட எண்ணமே டாக்டருக்கு வராமல் போகலாம். அதால நீங்களே முதல் சொல்லுங்க: எந்த நாள், எந்த வயல், காலில புண் இருந்ததா எண்டு. சிறுநீர் குறைஞ்சதா எண்டும் கவனியுங்க. பெனடோல் தவிர வேற நோக்குளிசை குடுக்காதீங்க, டெங்குவாகவும் இருக்கலாம், அப்பிடியெண்டால் அந்தக் குளிசைகளால இரத்தக்கசிவு கூடலாம்.

அம்மாவோட வேலை செய்த மற்றப் பெண்களுக்கும் சொல்லிவிடுங்க. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில தடுப்புக்கு டொக்சிசைக்ளின் எண்ட கிருமிகொல்லிக் குளிசை கேட்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் கேளாமல் போடக் கூடாது.