இங்கிலீஷ் 'கேஷ்' நம்ம 'காசு'ல இருந்து வந்ததா?

இதை கேக்குறீங்கன்னா 'எல்லாமே தமிழ்ல இருந்துதான் போச்சா'ன்னு யாரோ உங்களை மடக்கியிருப்பாங்க. என் வீட்லயும் நடந்துச்சு, அதான் எழுதுறேன்.

போன வருஷம் ஸ்கூல் பேச்சுப்போட்டில என் பொண்ணு கேஷ்ங்கிறது காசுல இருந்து போன சொல்னு பேசினா. நடுவரா வந்தவர் மேடையிலயே மைக்கை வாங்கி, அது பிரெஞ்சு வார்த்தைம்மா, வாட்ஸப்ல வர்றதை எல்லாம் பேசக்கூடாதுன்னுட்டார். அத்தனை பேர் முன்னாடி, ஏழாவது படிக்கிற பிள்ளைகிட்ட.

மறுநாள் எங்க தாத்தா வச்சிருந்த செப்புக்காசை எடுத்துட்டு போய் அவரைப் பாத்தேன். கிழக்கிந்திய கம்பெனி 1808ல அடிச்சது. ஒரு பக்கம் கம்பெனியோட சிங்கம் போட்ட சின்னம், இன்னொரு பக்கம் பாரசீக எழுத்து, அதுக்கு கீழ இங்கிலீஷ்ல 'எக்ஸ் எக்ஸ் கேஷ்', அதாவது 20 காசு. ஓரம் தேஞ்சுபோச்சு, ஆனா கட்டைவிரலை வச்சு தடவினா அந்த எழுத்து இன்னும் தட்டுப்படும். அப்போ மெட்ராஸ் கணக்குல 80 காசு சேந்தா 'பணம்'ங்கிற ஒரு நாணயம், 42 பணம் சேந்தா வராகன்ங்கிற ஒரு தங்கக்காசு. இந்த கேஷ் சந்தேகமே இல்லாம நம்ம காசுதான். போர்ச்சுகீஸ்காரன் அதை 'கைஷா'ன்னான், அவன் வாய்வழியா இங்கிலீஷ்காரனுக்கு போச்சு, சீனாவுல நடுவுல சதுர ஓட்டை போட்ட காசு இருக்குல்ல, அதுக்கும் இங்கிலீஷ்ல கேஷ்னுதான் பேர்.

அவர் சொன்னதும் முழுத்தப்பு இல்ல, அதையும் சொல்லணும். பேங்க்ல கேஷ் கவுண்டர், ரொக்கம்னு சொல்ற கேஷ் வேற சொல், பணப்பெட்டிக்கு பிரெஞ்சுல 'கேஸ்', இத்தாலியன்ல 'காஸா'ன்னு இருக்கே, அந்த வழியில வந்தது. எழுத்து ஒண்ணு, வேர் ரெண்டு. போர்ச்சுகீஸ்ல 'கைஷா'ன்னாலே பெட்டின்னும் அர்த்தம், குழப்பத்துக்கு அது போதாதா? இதைத்தான் பொறுமையா சொன்னேன், அவர் காசை கையில வாங்கிக்கூட பாக்கல.

காசே சமஸ்கிருதத்துல 'கர்ஷ'ங்கிற எடைப் பேர்ல இருந்து வந்ததுன்னு கமெண்ட்ல யாராவது வருவீங்க, தெரியும். அது தனி வழக்கு. ஆயிரம் வருஷம் முன்னாடி தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுலயே காசு இருக்கு, இங்க இருந்துதான் போர்ச்சுகீஸ்காரன் எடுத்தான், கேள்விக்கு அவ்ளோ போதும். தமிழ்ப்பற்று இல்லாதவன்னும் என்னை சொல்லாதீங்க, நாம வாங்கினதையும் ஒத்துக்கிறவன் நான். எங்க அப்பாயி வாய்க்கு வாய் சொன்ன துட்டு டச்சுக்காரனோட 'டைட்'ங்கிற செப்புக்காசு. நாகப்பட்டினத்துல 1658ல இருந்து 1781 வரைக்கும் அவன்தானே இருந்தான். இந்தோனேஷியாவுல இன்னிக்கும் பேச்சுவழக்குல பணத்துக்கு 'துயித்'துன்னுதான் சொல்றாங்க.

அந்த ஸ்கூல்ல வேன் ஃபீஸ் கேஷா மட்டும்தான் வாங்குறாங்க, ரசீது கேட்டா அடுத்த வாரம்ங்கிறாங்க. ஜூன்ல கட்டினதுக்கே இன்னும் வரல.