குவர்செட்டின் எடுத்துக்கொண்டால் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாமா?

வணக்கம். இரத்த அழுத்த மாத்திரையுடன் வார்ஃபரினும் உட்கொண்டுவரும் தங்கள் தந்தைக்கு, வெங்காயம் போன்ற உணவுகளில் உள்ள தாவரச் சத்தான குவர்செட்டினை நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் கொடுத்துவிட்டு அழுத்த மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்த வேண்டாம்.

குவர்செட்டினால் அழுத்தம் குறைவது உண்மைதான். ஆனால் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம்கூட அந்தக் குறைவு சராசரியாகச் சில புள்ளிகளைத் தாண்டவில்லை என்பதால், அது மருந்துக்கு ஈடாகாது. அதைவிட எனக்குக் கவலையளிப்பது வார்ஃபரின்தான். இரத்தம் உறையாமல் காக்கும் அம்மருந்தின் வீரியத்தைக் குவர்செட்டின் கூட்டிவிட வாய்ப்புண்டு. அப்போது பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிவது, காரணமின்றித் தோலில் நீலத் திட்டுகள் தோன்றுவது போன்றவை தென்படலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் உடனே தெரிவித்து, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உணவில் இயல்பாக உள்ள அளவு வேறு விஷயம். வெங்காயத்தில் இச்சத்து வெளி அடுக்குகளிலேயே மிகுதி. ஆகவே காய்ந்த சருகை மட்டும் நீக்கி, அதனடியிலுள்ள சதைப்பற்றான முதல் அடுக்கை வீணாக்காமல் சமையலில் சேருங்கள். சர்க்கரை மூலக்கூறுடன் பிணைந்திருக்கும் வெங்காயக் குவர்செட்டினைக் குடல் நன்றாகவே உறிஞ்சிக்கொள்கிறது.