நுவரெலியாவில் காற்றடுக்குகளில் ஓடும் ஈர்ப்பு அலைகளை (புவியீர்ப்பால் காற்று மேலும் கீழுமாக அசையும் அலைகள்; விண்வெளி ஈர்ப்பலைகள் அல்ல) பாரமானியால் அளக்கலாமா?

அளக்கலாம், ஆனால் ஒன்று போதாது. 1 பஸ்காலுக்கும் குறைந்த காற்றழுத்த மாற்றத்தைக் காட்டும் மூன்று பாரமானிகளைச் சில நூறு மீற்றர் இடைவெளியில் முக்கோணமாக வையுங்கள். செக்கனுக்கு ஒரு பதிவு. கடிகாரங்கள் மூன்றும் ஜிபிஎஸ் நேரத்தில் ஓட வேண்டும். ஒரே ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றையும் எட்டும் நேர வித்தியாசத்திலிருந்து அலையின் வேகமும் திசையும் கிடைக்கும்.

பெரிய தொல்லை காற்றுதான். செக்கனுக்கு 5 மீற்றர் வேகக் காற்றே 12 பஸ்கால் வரை போலி அழுத்தம் காட்டும். அலையின் அளவே பல நேரம் அவ்வளவுதான். நுண்துளைக் குழாய்களை நிலத்தில் பல திசையில் விரித்து பாரமானியின் உள்வாயில் இணைத்தால் இது நன்கு குறையும்.

பனி உறையும் தெளிந்த பெப்ரவரி இரவுகள் மிகப் பொருத்தம். நாளுக்கு இருமுறை வரும் வழமையான அழுத்த ஏற்றத்தை வடிகட்டிவிட்டு, பத்து நிமிடத்தை ஒட்டிய அலைவுகளைத் தேடுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றில் பிதுருதலாகலை மலைக்குப் பின்புறம் எழும் அலை பெரும்பாலும் இடம் பெயராது. பாரமானியில் அலைவாகத் தெரியாது. அதற்கு வானிலைப் பலூன் ஏறும் வேகத்தின் மாறுதலைத்தான் பார்க்க வேண்டும்.