சர்க்கரை சென்சார் இரவில் மட்டும் குறைத்துக் காட்டுவது ஏன்?

அம்மா தூங்கும்போது, கையில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் 58 என்று அலறுகிறது, விரலில் குத்தினால் 104 வருகிறது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். புரண்டு படுத்த சிறிது நேரத்தில் எண் தானாக ஏறினால் காரணம் அதுதான். ஆனாலும் விரலில் பார்க்காமல் ஒரு அலாரத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள், முக்கியமாக இன்சுலின் போடுபவர் என்றால்.

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலடித் திரவத்தைத்தான் அளக்கிறது. அதனால் 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். சாப்பிட்டவுடன் சென்சார் எண்ணையும் விரலில் குத்திய எண்ணையும் ஒப்பிடாதீர்கள். புது சென்சார் முதல் நாள் தடுமாறுவதும் சகஜம். சென்னை வேர்வையில் ஒட்டு விளிம்பு எழும்பும், அதையும் பாருங்கள். அப்புறம், மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் குளுக்கோமீட்டரே ஏற்றிக் காட்டும்.