வளவுக்குள் வெயில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டு (உள்பகுதி) அறைகளில் பகலிலும் லைட் எரிகிறது. பழைய சுவரை உடைக்க மனமில்லை. மாடியில் கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே திருப்பினால் கால் மணி நேரத்தில் வெளிச்சம் நகர்ந்துவிடுகிறது. சோலார் பேனலைத் திருப்பும் கருவியில் கண்ணாடியை மாட்டலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கூடாது. பேனல் சூரியனை நேரே பார்க்க வேண்டும். கண்ணாடியும் அப்படியே பார்த்தால் வெயில் வந்த வழியே திரும்பிப் போகும். அதன் முகம் சூரியனுக்கும் வெளிச்சம் விழ வேண்டிய இடத்துக்கும் சரிபாதியில் நிற்க வேண்டும்.

பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு தண்டை வைத்து, கிழக்கிலிருந்து மேற்காக 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று திருப்புங்கள். தண்டின் தென்முனையில் சாய்த்து மாட்டிய கண்ணாடி, வெயிலைத் தண்டின் நேர்கோட்டிலேயே தெற்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரே மோட்டார் போதும். உங்கள் பக்கம் அட்சரேகை 10 டிகிரிதான். அதனால் தண்டு ஏறக்குறையப் படுத்தே கிடக்கும், வடமுனை மட்டும் 10 டிகிரி தூக்கல். ஒளி 10 மீட்டர் போவதற்குள் 1¾ மீட்டர் இறங்கும். அங்கே, முற்றத்துக்கு மேலே, அசையாத இரண்டாம் கண்ணாடி அதை வாங்கி வெண்டிலேட்டர் வழியே உள்ளே தள்ளும்.

தண்டை நிறுத்த வடக்கைக் காம்பஸால் பார்க்காதீர்கள். தூக்குக்குண்டு நூலின் உச்சிவேளை நிழலைக் கோடு போடுங்கள். காரைக்குடிப் பக்கம் உச்சி 12 மணிக்கு வராது: பிப்ரவரி நடுவில் 12.29, நவம்பர் தொடக்கத்தில் 11.58.

ஒரு சுற்றை 200 சிறு அடிகளாக (ஸ்டெப்) நகரும் மோட்டாரும், அது 60 முறை சுற்றினால் தண்டை ஒருமுறை சுற்றும் வார்ம் கியரும் (திருகாணிப் பல்சக்கரம்) போட்டால் 7.2 விநாடிக்கு ஒரு ஸ்டெப். கரண்ட் போனாலும் ஆடிக்காற்று கண்ணாடியைத் திருப்பாதது வார்ம் கியரின் லாபம். ஆனால் கியரில் அரை டிகிரி ஆட்டம் இருந்தால் 10 மீட்டரில் 9 சென்டிமீட்டர் தள்ளிவிடும்; ஒரு பக்கமாகச் சிறு எடையைத் தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும்.

கண்ணாடிக்கும் தண்டுக்கும் இடைக்கோணம் மார்ச், செப்டம்பர் 20-ஐ ஒட்டி 45 டிகிரி, ஜூன் கடைசியில் 33, டிசம்பர் கடைசியில் 57. இதைக் கையால் மாற்றலாம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒளி 10 மீட்டரில் நாளுக்கு 7 சென்டிமீட்டர் விலகும், வாரம் இருமுறை தொட வேண்டும். ஜூனில் மறந்தே போகலாம்.

முதல் கண்ணாடி 2 அடிச் சதுரம், 4 மில்லிமீட்டர் தடிமன். இரண்டாவது பெரிதாக இருக்கட்டும். ஒளி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அகலும். இழப்பெல்லாம் போக, நல்ல வெயிலில் இருபது 9 வாட் எல்இடி பல்பு வெளிச்சம் கிடைக்கும். அதைத் தேக்குக் கூரையில் விடாதீர்கள், மரம் விழுங்கிவிடும். சுண்ணாம்புச் சுவரில் விழட்டும்.

கேள்வி: கண்ணாடி வெயிலால் தீப்பிடிக்குமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: தட்டையாக இருக்கும்வரை இல்லை. சட்டத்தில் இறுக்கித் திருகினால் கண்ணாடி குழிந்து ஒளியைக் குவிக்கும். பிடிப்புக்கடியில் ரப்பர் வையுங்கள். அக்ரிலிக் வெயிலில் நெளியும், வேண்டாம். மோட்டார் நின்றால் ஒளி தானாக நகர்ந்து அடுத்த வீட்டு மாடிக்கோ தெருவில் வண்டி ஓட்டுபவர் கண்ணுக்கோ போகும். முற்றத்துக்கு வெளியே ஒளி தப்பாதபடி இரண்டாம் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புத் தகரம் அடித்துவிடுங்கள்.