மரத்தரைக்கு வேக்குவம்: வாங்குமுன் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பழைய பலகைத்தரை வீடு. கம்பளத்தை எடுத்துவிட்டு, தரையைத் தேய்த்துப் புதிதாக வார்னிஷ் அடித்திருக்கிறோம். கம்பளத்துக்கு வைத்திருந்த 2000 வாட் வேக்குவத்தை இதில் ஓட்டலாமா? அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் தரை கீறிவிடும் என்கிறார் அண்ணி.

பதில்: உறிஞ்சும் வேகத்தால் கீறல் விழாது. தரையைத் தொடும் பொருள்தான் கீறும். அவை மூன்று: சுழலும் பிரஷ், சக்கரம், இரண்டுக்கும் அடியில் சிக்கிய மணல்.

கம்பள வேக்குவத்தின் பிரஷ் ரோலரில் விறைப்பான நைலான் முடிகள் இருக்கும். கம்பள இழைகளைப் பிரித்துத் தூசியைக் கிளப்புவது அதன் வேலை. மரத்தில் அது வார்னிஷை உரசி மங்கலாக்கும், மணலையும் நாலாபக்கமும் சிதறடிக்கும். ரோலரை மட்டும் நிறுத்தத் தனி சுவிட்ச் இருந்தால் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அதைக் கம்பளத்துக்கே விட்டுவிடுங்கள்.

குழாய் வைத்த தரை வேக்குவமாக இருந்தால் புது இயந்திரம் தேவைப்படாது. மரத்தரைக்கான நாசிலை, அதாவது குழாயின் முனையில் மாட்டும் தலைப்பகுதியை, மட்டும் தனியாக வாங்கினால் போதும். குழாயின் குறுக்களவை முதலில் அளந்துகொள்ளுங்கள்; 32 மி.மீ., 35 மி.மீ. இரண்டும் கடையில் கிடைக்கும், ஒன்றில் மற்றது உட்காராது.

கடையில் நாசிலைத் தலைகீழாகத் திருப்பி, முடிகளை நகத்தால் வருடிப் பாருங்கள். மெத்தென்று மடங்கி நிமிர வேண்டும். சக்கரத்தில் ரப்பரோ துணிப்பட்டையோ சுற்றியிருக்க வேண்டும். வெறும் கெட்டி பிளாஸ்டிக் என்றால் வைத்துவிடுங்கள்.

கால் மிதி வைத்த இருவழி நாசிலில் பலரும் தவறுவது ஒன்று உண்டு. அதன் அடியில் உலோகத் தகடு இருக்கும். மரத்தில் ஓட்டும்போது முடி வெளியே இறங்கியிருக்க வேண்டும். அதுதான் தகட்டைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கிறது. மிதியை மாற்றி அழுத்தினால் முடி உள்ளே போய், தகடு நேராக மரத்தில் இழுபடும். முடி தேய்ந்து தகட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டாலும் இதே கதிதான், அப்போது நாசிலையே மாற்றுங்கள்.

கேள்வி: டோங்காட்டில் கடற்கரைக்குப் பக்கத்து வீடு. நல்ல நாசில்தான், ஆனாலும் வாசலருகே மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கின்றன.

பதில்: மணல்தான். கடல் மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். வார்னிஷைவிட அது பலமடங்கு கடினம். வெள்ளைத் துணியை ஈரமாக்கி வேக்குவத்தின் சக்கரங்களைத் துடைத்துப் பாருங்கள், துணியில் நறநறவென்று ஒட்டும். ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் சக்கரத்தையும் முடியையும் துடையுங்கள். இயந்திரத்தை இழுத்துக்கொண்டு திரும்பாமல் தூக்கி வையுங்கள். பலகையின் நீளவாக்கில் மெதுவாக ஓட்டுங்கள். வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என மிதியடி போட்டால் பாதி வேலை குறையும்.

நீராவி மாப் மட்டும் வேண்டாம். சூடும் ஈரமும் பலகை இடுக்கில் இறங்கினால் மரம் உப்பும், வார்னிஷ் வெளுத்து உரியும்.

கேள்வி: சுவாமி அறையில் சிந்தும் விபூதியையும் சாம்பிராணிச் சாம்பலையும் உறிஞ்சலாமா?

பதில்: கூடாது. விபூதி மாவுபோல் மென்மையானது, ஃபில்டரை அடைத்துவிடும். பெரும்பாலான வேக்குவங்களில் உறிஞ்சும் காற்றுதான் மோட்டாரையும் குளிர்விக்கிறது. காற்று நின்றால் மோட்டார் சூடேறித் தானே அணையும், விடாமல் ஓட்டினால் கருகும். சாம்பிராணிக் கரி இன்னும் ஆபத்து. மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். காற்று பட்டதும் பைக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். சிந்திய விபூதியையும் ஆறிய சாம்பலையும் லேசாக ஈரமான துணியால் ஒற்றி எடுத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கழுவக்கூடிய ஃபில்டர் என்றால் கழுவியபின் 24 மணி நேரம் நிழலில் காயவிட்டே மாட்டுங்கள்.

கேள்வி: சாட்ஸ்வொர்த் கடையொன்றில் வாங்கிய வேக்குவத்தில் நாலாம் மாதமே ரோலர் நிற்க மறுக்கிறது. கடைக்காரர் பழுதுபார்த்துத்தான் தருவேன் என்கிறார்.

பதில்: அது அவர் தீர்மானிக்க வேண்டியதல்ல. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. பழுதுபார்க்க ஒப்புக்கொண்டு, 3 மாதத்துக்குள் அது மறுபடி கெட்டால், அவர் மாற்றித் தரவோ பணம் தரவோ வேண்டும். பில்லைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கரி உறிஞ்சிக் கெடுத்திருந்தால் இது செல்லாது.

மனம் மாறியதற்காகத் திருப்புவது வேறு விஷயம். கடையில் நேரே வாங்கியதற்குச் சட்டப்படி அந்த உரிமை கிடையாது. இணையத்தில் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துசெய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது.