அந்த 3,000 வீடியோவுக்குச் சந்தா கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது, மகனுக்கு 10. வயதுவாரியாகப் பிரித்த 3,000 இயற்கை, அறிவியல் வீடியோக்கள் இருப்பதாகச் சொல்லி, ஒரு செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டும்படி முகவர் ஒருவர் தினமும் போன் செய்கிறார். இப்போதே தொடங்காவிட்டால் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. வீடியோவுக்கு ஐந்து நிமிடம் என்றாலே 3,000 வீடியோ 250 மணி நேரம். 2 முதல் 4 வயது வரையான குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. உங்கள் மகளுக்கு ஒரு நல்ல எறும்பு வீடியோ போதும். அதையே பத்துத் தடவை கேட்பாள், போடுங்கள். அந்த வயதில் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் மனதில் ஏறும். அப்புறம் வாசலில் எறும்பு வரிசையைக் காட்டுங்கள்.

இந்த வயது முத்திரையை யார் குத்துகிறார்கள் என்று முகவரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விற்பவரேதான். யூடியூபில் வரும் ‘குழந்தைகளுக்கானது’ என்ற அடையாளத்தையும் பலர் தரச்சான்று என்று நினைக்கிறார்கள். குழந்தைகளின் தகவலைச் சேகரித்த வழக்கில் 2019-ல் அமெரிக்காவில் அபராதம் விழுந்த பிறகு வந்த ஏற்பாடு அது. விளம்பரம், தகவல் சேகரிப்பு சம்பந்தப்பட்டது. உள்ளே சொல்லியிருப்பது சரியா தப்பா என்று யாரும் பார்ப்பதில்லை. மிட்டாய்க்கு இருக்கும் சோதனைகூட இதற்குக் கிடையாது. எத்தனை வருடமாகக் கத்துகிறோம்!

இப்படி ஒரு கட்டணத் தொகுப்பை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். விண்வெளிப் பகுதியில் பாதிக்கு மேல் நாசா இலவசமாகவே தரும் காட்சிகள், மேலே இவர்கள் சின்னம். அதை நீங்களே நாசா தளத்தில் பார்க்கலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகம் பறவைக் கூடுகளை நேரலையில் காட்டுகிறது, அதற்கும் காசில்லை. அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. இயற்கை அப்படித்தான் இருக்கும், பையன் பழகட்டும்.

பத்து வயதுக்காரனோடு உட்கார்ந்து, “இதை எப்படிப் படம் பிடித்திருப்பார்கள்?” என்று மட்டும் கேளுங்கள். 1958-ல் வந்த டிஸ்னி ஆவணப்படம் ஒன்றில் லெமிங் என்ற எலி போன்ற பிராணிகள் கூட்டமாகப் போய்த் தண்ணீரில் குதிக்கும். வேறிடத்திலிருந்து கொண்டுவந்து, ஆட்களே தள்ளிவிட்டு எடுத்த காட்சி அது. ஆஸ்கர் வாங்கிய படம். லெமிங்குகள் தாமாகவே கூட்டமாகக் குதித்துச் சாகும் என்ற அந்தக் கட்டுக்கதையை இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. சூரியக் குடும்ப வீடியோக்களும் அளவில் ஏமாற்றும். பூமி ஒரு மில்லிமீட்டர் கடுகு என்றால் சூரியன் 11 சென்டிமீட்டர், நடுவே கிட்டத்தட்ட 12 மீட்டர். எந்தத் திரையில் அடங்கும்?

நேரில் பார்ப்பதே மேல் என்பது என் கட்சி. ஒன்றுக்கு மட்டும் விலக்கு தருவேன்: கண்ணுக்குப் பிடிபடாத அளவு மெதுவாக நடப்பது. விதை முளைப்பதை உட்கார்ந்து பார்க்க முடியாது. மணிக்கு ஒரு படம் என்று பத்து நாள் எடுத்தால் 240 படம். நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் பத்தே நொடியில் செடி எழுந்துவிடும். அற்புதம்தான். ஆனால் நான்கு வயதுக் குழந்தை செடி துள்ளி எழும் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் வீடியோ போடும் அன்றே ஒரு பயறை ஈரப் பஞ்சில் போட்டு வையுங்கள். தினமும் அவளே பார்க்கட்டும். முளை வந்ததும் அதே வீடியோவை மறுபடி போடுங்கள். பெரியவனிடம் போனைக் கொடுத்து, மணிக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். ராத்திரிப் படங்கள் விட்டுப்போகும், செடி திடீரென்று தாவும். ஏன் என்று அவனே கண்டுபிடிப்பான்.

முகவர் அடுத்து “ஏழு நாள் இலவசம்” என்பார். அட்டை எண் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், செயலியைப் போனிலிருந்து அழிப்பதால் சந்தா நிற்காது. கணக்கின் சந்தாப் பகுதிக்குள் போய் ரத்து செய்ய வேண்டும். இன்றைக்கே செய்துவிடுங்கள்.